குப்பை வண்டி மெட்டுக்கு ஒரு மவுத் ஆர்கன்

கீலுங்,
ஜனவரி 11

அன்புள்ள ஷான்,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறார், இந்த வீட்டில் இப்போது அதைத்தான் நலம் என்று சொல்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும் ஈரத் தலையோடு அந்த ஊர்க் குளிரில் வெளியே போவதில்லை என்றும் நம்புகிறேன். இங்கே மழை நிற்கவில்லை, கீலுங்கில் அது செய்தி ஆகாது. ஈரம் உறிஞ்சும் பெட்டியின் தண்ணீரைக் காலையும் மாலையும் கொட்டுகிறேன். பகல் முழுக்கச் சோதனைக்கூடத்தில் ஊர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து காற்றிலிருந்து பிழிந்த தண்ணீரைக் கொட்டுவது ஒரு விதத்தில் வேடிக்கைதான். உன் சித்தி மகன் கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தேநீர்க் கடை வைக்கப் போகிறானாம், சித்தி தினமும் தொலைபேசியில் புலம்புகிறாள். நான் கேட்டுக்கொள்கிறேன், கருத்துச் சொல்வதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒரு நல்ல மவுத் ஆர்கன் வாங்கி அனுப்பட்டுமா, நான் இருக்கும் ஜெர்மனியில்தான் அருமையானவை செய்கிறார்கள், எந்த மாதிரி வேண்டும் என்று விவரமாகச் சொல்லு, ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து நான் வருவதற்குள் தபாலில் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, அப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். மவுத் ஆர்கனைப் பற்றியும் ஜூலையைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்தான், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

போன வருடம் வெயில் காலம் முடியும்போது, மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண் அப்பாவை மவுத் ஆர்கன் வாசிக்கச் சொன்னாள். ஊதியும் இழுத்தும் வாசிப்பது அது, மூச்சை அளந்து விடப் பழக்கும் என்றாள். நுரையீரலில் இருக்கும் தழும்பு இதனால் குறையுமா என்று கேட்டேன். "குறையாது அக்கா. மூச்சு வாங்குதேன்னு பயப்படறது வேணா கொஞ்சம் குறையும்" என்றாள். நேர்மையான பதிலாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன். மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக் கடைக்கு நான் மட்டும் போனேன். மவுத் ஆர்கனை வாய் வைத்துப் பார்த்து வாங்க முடியாது, ஒருவர் வாய் பட்டதை இன்னொருவருக்கு விற்கமாட்டார்கள், வாங்கியதைத் திருப்பியும் எடுக்கமாட்டார்கள். அதற்காகவே கடையில் ஒரு சின்னத் துருத்தி வைத்திருக்கிறார்கள், மவுத் ஆர்கனை அதில் பொருத்திக் கையால் அழுத்தினால் ஒவ்வொரு துளையாக ஒலிக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு எது நல்லது என்று கேட்டேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பத்துத் துளைச் சின்னது ஒன்று, பக்கத்தில் பொத்தான் வைத்து அரைச் சுரமும் வருகிற மாதிரி ஒன்று, மேலும் கீழுமாக இரட்டை வரிசைத் துளை போட்ட நீளமானது ஒன்று. நீளமானதில் ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ளே இரண்டு உலோக நாக்குகள் சேர்ந்து அதிர்வதால் ஒலி அலை அலையாக நடுங்கி வரும், நம் பூங்காக்களில் நீ கேட்டிருப்பது அதுதான். "நம்ம ஊர்ல எல்லாரும் வாசிக்கிறது நீளமானது. பொத்தான் வச்சது படிச்சவங்க வாங்கி அலமாரியில வைக்கிறது. சின்னது வெள்ளைக்காரங்களுக்கு" என்று கடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் நீளமானதிலேயே பலவற்றை வரிசையாகத் துருத்தியில் வைத்துப் பார்த்து, எல்லாத் துளையும் ஒரே அளவில் ஒலித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முறையாகச் சோதித்து வாங்கிய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். துருத்திக்கு நோய் கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

அப்பா ஊதினார். நடுவில் இருந்த சுரங்கள் ஒலித்தன, இடப் பக்கத்துக் கனமான சுரங்கள் வெறும் காற்றாக வெளியே வந்தன. இரண்டு நாக்கை அசைக்க இரண்டு பங்கு காற்று வேண்டும், அது அவரிடம் இல்லை. "நான் இதை வாசிக்கலை, இதுதான் என்னை வாசிக்குது" என்று சொல்லிவிட்டு இருமினார். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு பேட்டை மன்றத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் மவுத் ஆர்கன் வகுப்புக்குப் போனார். அதை நடத்துபவர் கோங் அண்ணன், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், அப்பா கிரேன் ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். அங்கே எல்லார் கையிலும் நீளமானதுதான், சிலர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்களாம். "என்ன மிங்-சுவான், மலையாட்டம் கப்பலை எல்லாம் நகர்த்தியிருக்கோம், உன் கையில இருக்கறது நகரமாட்டேங்குதே" என்று கோங் அண்ணன் கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை போகவில்லை.

நான் மறுபடி அந்தக் கடைக்குப் போய்ச் சின்னதைக் கேட்டேன். இந்தத் தடவை துருத்தியைக் கையால் அழுத்தவில்லை, ஒரு விரலை மட்டும் மேலே வைத்தேன், அதற்கும் ஒலிப்பதை எடுத்துக்கொண்டேன். "விரலால வாங்கற முதல் ஆள் நீங்கதான்" என்றார் கடைக்காரர். 'சி' சுருதியில் வாங்கினேன். பாடப் புத்தகமெல்லாம் அதற்குத்தான் இருக்கிறது, அதைவிடக் கீழ்ச் சுருதி காற்று அதிகம் கேட்கும், மேல் சுருதி காதைக் குத்தும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்குப் பொம்மையா வாங்கிட்டு வந்தே?" என்றார். அப்புறம் அதைக் கீழே வைக்கவில்லை.

அவர் முதலில் பிடித்த மெட்டு எது தெரியுமா, குப்பை வண்டி தெருமுனைக்கு வரும்போது போடுகிற மெட்டு. அதில் ஓர் இடத்தில் வரும் அரைச் சுரம் சின்னதில் கிடையாது, அதை விட்டுவிட்டு வாசிப்பார். ஒரு சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு ஷுயே அக்கா தூரத்தில் வண்டி வருகிறது என்று நினைத்து, இரண்டு கையிலும் குப்பைப் பையோடு, காலுக்கொரு ஜோடிச் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு மழையில் தெருமுனை வரை ஓடினாள். வண்டியைக் காணோம். திரும்பி வந்து அண்ணாந்து பார்த்து, "ஏண்டா மிங்-சுவான், நீதானா அது? பையில மீன் குடல் இருக்கு, மேல வந்து உன் தலையில கொட்டவா?" என்றாள். அப்பா ஜன்னலில் தலையை நீட்டி, "கொட்டுங்க அக்கா, அதுக்கு முன்னாடி பாட்டு சரியா வந்துச்சான்னு சொல்லுங்க" என்றார். "சரியா வந்ததாலதாண்டா இந்த ஓட்டம் ஓடினேன்!" என்று அவள் கத்தினது தெரு முழுக்கக் கேட்டது. அன்று சிரித்துச் சிரித்து இருமல் வந்து ஆக்ஸிஜனைக் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

டிசம்பரில் அவரால் இழுக்க முடியாமல் போயிற்று. இந்த வாத்தியத்தில் சில சுரம் ஊதினால் வரும், மற்றவை இழுத்தால்தான் வரும். நம் ஊரில் பாட்டை எண்ணால் எழுதுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் ஒன்று, மூன்று, ஐந்து ஊத வேண்டியவை, இரண்டு, நான்கு, ஆறு, ஏழு இழுக்க வேண்டியவை. அப்பாவால் கொஞ்சம் ஊத முடிந்தது, இழுத்தால் இருமல் பிடித்துக்கொண்டு முகம் நீலமாகிவிடும். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் கேட்டேன், இழுக்க வேண்டாம், முடிகிற வரை மெல்ல ஊதட்டும் என்றாள். இரண்டு நாள் அவர் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "நீ இழுக்கறியா?" என்றார். எனக்குச் சுரமே தெரியாதே என்றேன். "எண் தெரியும்ல உனக்கு" என்றார். அவருடையதில் நான் வாய் வைக்கக் கூடாது, என்னுடைய ஒரு சாதாரணச் சளிகூட அவருக்கு ஆகாது. அதனால் எனக்கென்று ஒன்று வாங்கினேன், அதே சின்னது, அதே சுருதி, இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். வெறுமனே இழுத்துக்கொண்டே இருந்தால் நெஞ்சில் காற்று நிரம்பித் தலை சுற்றுகிறது. "மூக்கு வழியா விடுடி, பலூன் மாதிரி கூரையில போய் ஒட்டிக்கப் போறே" என்பார். சாப்பாடு முடிந்ததும் கட்டில் விளிம்பில் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். சேர்ந்து எதையும் செய்து பழகாதவர்கள் நாங்கள், உனக்கே தெரியும், அவர் கிரேன் உச்சியில் இருந்தார், நான் சோதனைக்கூடத்தில் இருந்தேன். இப்போது அவர் விடுகிற மூச்சு எங்கே முடிகிறது என்று கேட்டு, அங்கே நான் என் மூச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. இதனால் நோய் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, குறையவில்லை.

இந்த மாதம் அவருடைய பங்கும் சுருங்கிவிட்டது. ஒன்று வருகிறது, மூன்று பெரும்பாலும் வருகிறது, ஐந்து சில நாள் வருவதில்லை. வராத இடத்தில் போர்வையின் மேல் விரலால் தட்டுகிறார், அதைக் கேட்டு நான் அடுத்ததை இழுக்கிறேன். முந்தாநாள் கோங் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார், நாங்கள் வாசித்ததைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "தங்கச்சி, அதே துளைதாம்மா. நீ ஊதினா அவனுக்கு வராத சுரமும் வந்துரும். நீயே முழுசா வாசிச்சிடேன், படுத்திருக்கிறவனுக்கு ஒரு பாட்டாவது முழுசாக் கேக்கும்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்கும் தெரியாததல்ல. போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் துறைமுக ஓரத்தில் காரை நிறுத்தி, தனியாக முழுவதும் வாசித்துப் பார்த்தேன், பிசகில்லாமல் வந்தது. உடனே வண்டியை எடுக்க முடியவில்லை, அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். ஆனால் அவர் எதிரில் அதைச் செய்யமாட்டேன் ஷான். அவர் விட்ட இடத்தை நான் ஊதி நிரப்பினால், இனி உங்கள் மூச்சு தேவையில்லை என்று நானே அவரிடம் சொன்னதாகிவிடும். சமையலறையில் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கோங் அண்ணன் போன பிறகு, "என் பங்கை நீ எடுத்துக்காதே. உன் பங்குலயே தாளம் நிக்கலை உனக்கு" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஷான் வந்தா அவகிட்டக் குடுக்கறேன்" என்றார். நீ எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் ஜூலை என்று சொல்லவில்லை.

வீடியோவில் அவர் உன்னிடம் "ஜூலையிலயே வா, அப்ப மழை இருக்காது" என்று சொன்னார் அல்லவா, அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே. அவர் இப்போதெல்லாம் உன்னைப் பேசவிட்டுப் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பது பேச மூச்சு இல்லாததால். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அடுத்த மாதம் வரும் நம் சந்திர வருடப்பிறப்பு வரைக்கும் பார்ப்போம் என்றார், அதற்கு அந்தப் பக்கம் எந்த மாதத்தின் பெயரையும் அவர் சொல்வதில்லை. எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ போனதிலிருந்து, வரட்டுமா என்று நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் வேண்டாம், வேலையைப் பார் என்று சொன்னவளும் நான்தான். இப்போது நான் கேட்கிறேன், வா. ஒப்பந்தத்தை இடையில் விட்டால் திரும்பக் கிடைக்காது என்றால் கிடைக்காமல் போகட்டும், அதை அப்புறம் நாம் இருவரும் உட்கார்ந்து யோசிக்கலாம்.

தபாலில் எதையும் அனுப்பாதே. அப்பாவுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். உனக்கு ஒன்று வாங்கிக்கொள். பத்துத் துளை, 'சி' சுருதி. உள்ளே மரமா பிளாஸ்டிக்கா, மூடி என்ன உலோகம் என்றெல்லாம் கடையில் பேசுவார்கள், அது மேடையில் வாசிப்பவர்களின் கவலை. மெல்லக் காற்றுப் பட்டால் ஒலிக்கிறதா என்று மட்டும் பார். நடுத் துளைகளில் ஒன்று, மூன்று, ஐந்து, அவ்வளவுதான் நீ படிக்க வேண்டியது.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நன்றாக அமைய வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஆனால் ஷுயே அக்கா உன் பெயரைச் சொல்லிக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றி வைத்திருக்கிறாள், அந்த ஆசியையும் என்னுடையதோடு சேர்த்துக்கொள். சீட்டு எடுத்ததும் எனக்குத் தெரிவி, அப்பாவிடம் நான் சொல்கிறேன். ஒன்றை மறக்காதே, பழகும்போது பலமாக ஊதாதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊதப் போகிறாய், அவர் மூச்சைவிட உன் மூச்சு பெரிதாகக் கேட்கக் கூடாது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சூ-யுன்