பன்னிரண்டு சீல்கள்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். உன் அக்காவும் நலம், வழக்கமான தலைவலியைத் தவிர. நீ மேனேஜர் ஆனதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓயவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், நேற்று வரை.

பெயிண்ட் கம்பெனியின் தின்னர் கிடங்கில் பழைய வயரிங்கை மாற்றும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் சூப்பர்வைசராக நீ செய்து முடித்த அதே கிடங்கு. சுவரைத் தாண்டும் வயர் குழாய் ஒவ்வொன்றிலும் அடைப்பாக ஒரு சீல். உள்ளே ஊற்றிய காம்பவுண்ட் கலவை கல்லாக இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தின்னர் ஆவி குழாய் வழியே அடுத்த அறைக்குப் போகும், அங்கே ஒரு சுவிட்சின் பொறி போதும். எனக்கே பாடம் எடுத்தவனாயிற்றே, உனக்குத் தெரியாததா?

பழைய வயரைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். சீல் ஒழுங்காக இருந்தால் அது அசையவே கூடாது. ஊசியிலிருந்து நூல் உருவுவதுபோல் வந்தது. சீல் ஒன்றை அறுத்தால் உள்ளே நீலக்கட்டம் போட்ட ஒரு துண்டுத் துணி. காம்பவுண்ட் ஒரு சொட்டு இல்லை. வெளியே மட்டும் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். பன்னிரண்டும் ஊற்றியாயிற்று என்று தாளில் உன் கையெழுத்து. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

என்ன நடந்தது என்று நீயே எழுது.

அத்தான்

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

ஒரு சீலுக்கு இவ்வளவு நீளக் கடிதமா? ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறவர்களுக்கு எல்லாமே பெரிய விஷயம்தான். கூலிக்கு வந்த எவனோ துணியை அடைத்திருப்பான், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருஷமாக ஒன்றும் வெடிக்கவில்லையே. அறுத்ததைச் சரிசெய்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாதீர்கள். கம்பெனிக்கு எழுதினால் என் வேலை போய்விடும். அக்கா முகத்துக்காகவாவது சும்மா இருங்கள். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மச்சான்

*

மார்ச் 14

மச்சான்,

பன்னிரண்டையும் அறுத்துவிட்டேன். பன்னிரண்டிலும் துணிதான். அறிக்கை கொடுத்தேன், கிடங்கை மூடிவிட்டார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை என்கிறாய். அந்தக் குழாய்கள் போய் முடிவது அதே கம்பெனியின் ஸ்டோர் ஆபீஸில். நாலு வருஷமாக உன் அக்கா உட்கார்ந்திருக்கும் அறை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் நீதான். தினமும் காலையில் அவள் கையால்தான் சுவிட்ச் போடுகிறாள். தலைவலி என்று அவள் சொன்னபோதெல்லாம் வேலைக்கள்ளி என்று கேலி செய்தவன் நான். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது. உன்னை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

'எவனோ' என்று எழுதினாயே. சீலில் இருந்த துணித்துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் அக்கா அதை விரித்து, பட்டன் ஓட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். நீ முதன்முதலாக வேலைக்குப் போனபோது அவள் தைத்துக் கொடுத்த சட்டை. உன் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒரே சட்டை பன்னிரண்டுக்கும் பத்துச்சாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொரு துண்டுகள் கம்பெனியிடம் இருக்கின்றன. மீதி ஒன்றை உனக்குப் பார்சலில் அனுப்பச் சொன்னாள், அனுப்பியிருக்கிறேன். வாங்கும்போது கையெழுத்துக் கேட்பார்கள். இந்தத் தடவையாவது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடு.

ஸ்குரூ டிரைவர்