தேய்த்ததும் மறைந்த மஞ்சள்

செங்கழி என்றும் வற்றாதிருக்க. மணற்பாடியின் மதில்கள் என்றும் நிமிர்ந்திருக்க. செங்கழி நாடாளும் குழலினி மாதேவியாரின் திருவுளப்படி, மணற்பாடி மன்னர் நெடுஞ்சேந்தனார் திருமுன் விரிக்கப்படும் ஓலை. தங்கள் குடியும் களஞ்சியமும் நலமென்று தேவியார் நம்புகிறார். தங்கள் சுங்கத் தலைவர் கொற்றங்குமரனாரின் நலத்தை மட்டும் விசாரிக்க வேண்டாமென்று பணித்திருக்கிறார்.

தம் தடாகத்தில் தாமே வளர்த்த செவ்வால் குறுமீன் இணையை, நட்பின் பொருட்டு, மீன்காப்பாளர் வேட்டனார் கையில் கொடுத்துத் தேவியார் தங்களுக்கு அனுப்பினார். விரல் நீளமே உள்ள அம்மீன்களைச் சுங்கத் தலைவர் உச்சி வெயிலில் வெண்பளிங்குத் தொட்டியில் கவிழ்த்தாராம். ஆணின் வாலில் சிவப்பில்லை, இது ஓடையில் பிடித்த சாம்பல் மீன் என்றாராம். பெண்மீனின் மஞ்சள் நிறத்தைச் சாயம் என்றாராம். ஈரத்துணியால் தேய்த்தாராம், மஞ்சள் மறைந்ததாம். அதுவே மோசடிக்குச் சான்றென்று வேட்டனாரைச் சிறையிலிட்டு, வரும் முழுநிலவன்று அவரது வலக்கையை வெட்டவும் தீர்ப்பளித்தாராம்.

கேட்ட தேவியாருக்கு உச்சந்தலை வரை கொதித்தது. உண்டுகொண்டிருந்த இலையை விட்டெழுந்தவர், மீனுக்கும் அச்சம் உண்டென்று அறியாதவரையா மணற்பாடி தன் வாயிலில் அமர்த்தியிருக்கிறது என்று அவையோர் முன் வினவினார். வெள்ளைத் தரையில் எந்தக் குறுமீனும் வெளிறிப்போகும். மஞ்சளோ, குஞ்சு காக்கும் தாய்மீன் தானே பூணும் நிறம். அஞ்சினால் நொடியில் மங்கிவிடும். சாயமென்றால் துணியில் ஒட்டியிருக்க வேண்டாமா? அத்துணியை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. வழியில் சுமந்துவந்த குடத்திலேயே முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளிடமிருந்து தாயைப் பிரித்துத் தேய்த்த கை நலமாக இருக்க, அவற்றுக்கு நீர் மாற்றி நடந்துவந்த கை வெட்டப்படுவதா என்றும் தேவியார் கேட்டார்.

செங்கழியின் வழக்கம் வேறு. இருண்ட தொட்டியில் சருகிட்டு, மீனை இளைப்பாற விட்டு, வெண்கலக் கண்ணாடியை அதன் முன் பிடிப்பார்கள். தன் உருவையே பகையென்றெண்ணி ஆண்மீன் துடுப்பை விரிக்கையில் வாலோரம் சிவந்து வரும். அதன் பின்னரே அதன் வகையைச் சொல்வார்கள். அக்கண்ணாடியையும் வேட்டனார் கொண்டுதான் வந்தார். சுங்கத் தலைவர் இப்போது அதில் மீசை திருத்திக்கொள்கிறார் என்று எம் தூதர் கண்டுவந்து சொன்னார்.

ஆகவே மன்னர் அக்கண்ணாடியை மீட்டு, தம் கையாலேயே மீனுக்குக் காட்டிப் பார்க்கக் கடவர். சிவப்புத் தெரிந்த அன்றே வேட்டனாரை விடுவித்து, முழுநிலவுக்கு முன் எல்லையில் சேர்ப்பிக்கக் கடவர். மீன்கள் அவ்வரண்மனையில் இனி இருக்க வேண்டா, அவையும் திரும்புக.

சிறையிருளில் வேட்டனார் நிறம் வெளிறித்தான் போயிருப்பார். செங்கழியின் ஆள் இவர்தானா என்று எவரும் ஐயுற வேண்டாம். அடையாளம் காணத் தேவியாரே படையோடு எல்லைக்கு வருகிறார். முகத்தைப் பார்க்குமுன் கைகளைப் பார்ப்பார்.

இது தேவியாரின் ஆணை. நாரை முத்திரை இடப்பட்டது.