ஒரு பக்கம் வெளுத்த கோட்டு

மார்ச் 4, புதன்

அக்கா வீட்டிலிருந்து இன்று காலைதான் திரும்பினேன். அவளுக்கு வயிற்றில் தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. படுத்தபடியே என்னை வேலை ஏவும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதால் கிளம்பிவிட்டேன். வீடெல்லாம் தூசி. பால் இல்லை. பால் இல்லாமலே ஒரு தேநீர். சொந்தக் கட்டிலில் கால் நீட்டுவது போல் ஒரு சுகம் உண்டா?

நாடக அரங்குக்கு, என் உடை அறைக்கு, நாளை போய்க்கொள்ளலாம்.

மார்ச் 5, வியாழன்

கோட்டு போச்சு. எழுதவே கை வரவில்லை.

உடை அறையைத் திறந்ததும் மூக்குதான் முதலில் சந்தோஷப்பட்டது. எப்போதும் இருக்கும் பூஞ்சை வாடை இல்லை. பிறகுதான் பார்த்தேன், ஜன்னல் திரை முழுக்க ஒதுங்கியிருந்தது. ஜன்னலுக்கு நேராக, தனிக் கம்பியில், ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டு. நான் ஊருக்குப் போகும்போது கருநீலமாக விட்டுப் போனது. வலது பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. இடது பாதி, அதை என்ன நிறம் என்று சொல்வது? அடிபட்டுக் கன்றிய இடம் ஆறும்போது ஒரு நிறம் வருமே, அது. தோளில் அதிகம், கீழே போகப் போகக் கொஞ்சம் குறைவு.

யார் திறந்தது என்று கத்தினேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த விளக்குக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நான்தாங்க. உள்ள நெடி தாங்கல. காத்தும் வெயிலும் பட்டா துணிக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"உங்க வேலை மேடையில விளக்குப் போடுறது. என் ரூம்ல சூரியனப் போடச் சொன்னது யாரு?"

ஒரு சாக்குப்போக்காவது சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். "தப்புதாங்க" என்று சொல்லிவிட்டு நின்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருபத்தேழாம் தேதி நாடகம். இனி என்ன பண்றது? எங்க போறது?

மார்ச் 6, வெள்ளி

இயக்குநர் கோட்டைக் கம்பியிலிருந்து இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அந்தக் கோட்டுதானே நாடகமே" என்றார். உண்மைதான். ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரே நடைமேடையில் காலம் முழுக்க நின்ற ஒரு மனிதனின் கதை. அதில் நடிப்பவர் எங்கள் நெட்டை. அவருக்கு ஒரு கோட்டு தைப்பது இரண்டு பேருக்குத் தைப்பது மாதிரி. துணிக்கடையில் அந்த நீலம் தீர்ந்துவிட்டதாம். இனி வருவது வேறு சாயமாம்.

சாயப்பட்டறைக்கும் எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கோட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். "வெளுத்த எடம் ஒரு மாதிரி சாயம் குடிக்கும், வெளுக்காத எடம் ஒரு மாதிரி குடிக்கும். திட்டுத் திட்டா நிக்கும். போட்டுத் தரேன். ஆனா அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது."

திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்குப் போகக் குடையை எடுத்தேன். இத்தனை நாளும் என்னுடையது கறுப்புக் குடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டி வைக்கும் பட்டியை அவிழ்த்தபோது அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நல்ல கறுப்பு. மற்றதெல்லாம் காப்பித்தூள் நிறம். எனக்கே தெரியவில்லை. பார்க்கிறவர்கள் யாரும் சொல்லவும் இல்லை.

ஏன் தெரியவில்லை? எல்லா இடமும் ஒன்று போல வெளுத்திருக்கிறது. பக்கத்திலேயே கறுப்பு இருந்தால்தானே கண்ணில் படும்.

கடைக்குப் போகவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோட்டின் மறுபாதியையும் வெயிலுக்குக் கொடுத்துவிட்டால்?

மார்ச் 9, திங்கள்

இயக்குநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கெட்டுப்போனதுக்கு மருந்து, மிச்சத்தையும் கெடுக்கறதா?"

"அந்த ஆளு அத்தனை வருஷம் வெயில்ல நின்னிருக்காரு சார். கோட்டு மட்டும் புதுசாவா இருக்கும்?" என்றேன்.

யோசித்துவிட்டுச் சரி என்றார். இருபதாம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் இரண்டு பாதியும் ஒத்துப்போகவில்லை என்றால் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு நாடகம்.

மார்ச் 10, செவ்வாய்

மொட்டை மாடியில் கோட்டை நிறுத்தினோம். 'னோம்' என்று எழுதுகிறேன். விளக்குக்காரர் கூப்பிடாமலே விளக்குத் தாங்கி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் மேல் குறுக்குக் கட்டை வைத்து, கோட்டை மாட்டி, வெளுத்த பாதியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி ஊசி குத்தினேன். அவர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்படியே விட்டா நடு முதுகுல கோடு விழுந்துடுங்க. மேடையில ரெண்டு விளக்கு சேர்ற எடத்துலயும் இதே தொல்லைதான். போர்வைய அப்பப்ப கொஞ்சம் நகர்த்திக்கிட்டே இருந்தா ஓரம் கரைஞ்சிடும்."

எனக்கு இது தோன்றியிருக்காது. என் பங்குக்கு நான் தண்ணீர் தெளித்தேன். ஈரத்தோடு வெயில் பட்டால் சாயம் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் சாயத் துணியை நிழலில் காயப்போடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இப்போது நானே குவளையோடு நிற்கிறேன்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "துணியக் கெடுக்கச் சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காங்களா? எங்க வீட்ல இதை உங்க மாமா சும்மாவே செய்வாரு" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

மேகம். ஒன்றும் நடக்கவில்லை. விளக்குக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு சுவிட்ச் எங்கங்க இருக்கு?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் மேல் கோபம் இன்னும் பாக்கி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

மார்ச் 14, சனி

நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போர்வையை நகர்த்தினோம்.

அவர் சட்டைக் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன நிறம்?" என்றேன்.

"கறுப்புன்னு சொல்லித்தாங்க வாங்கினேன்."

துணியை உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போட வேண்டும், நிழலும் காற்றும் போதும், காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும் என்றெல்லாம் அடுக்கினேன். வெள்ளைத் துணியும் துண்டும் மட்டும் எவ்வளவு வெயில் வேண்டுமானாலும் குடிக்கட்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். மனைவி உயிரோடு இருந்தவரை அதெல்லாம் அந்த அம்மாவே பார்த்துக்கொண்டாராம். "அவ போனப்புறம் கொடியில போட்டுட்டு மறந்துடுவேன். வாரக்கணக்குல கெடக்கும். பொண்ணு ஹாஸ்டல்லேருந்து வந்தாத்தான் எடுப்பா."

எழுந்து போய்ப் போர்வையை நகர்த்தினேன். இன்னும் நகர்த்த வேண்டிய நேரமே வரவில்லை.

மார்ச் 18, புதன்

நிறம் ஒத்துவிட்டது. கிட்டத்தட்ட. கிட்டே போய்ப் பார்த்தால் வலது கை கொஞ்சம் நீலம் அதிகம். பத்தடி தள்ளிப் போனால் தெரியாது. கோட்டுப் பையின் மூடியைத் தூக்கினால் மட்டும் அடியில் பழைய கருநீலம். இயக்குநர் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இதை நீங்க வேணும்னே செஞ்சதாச் சொல்லிக்கலாமே" என்றார். சொல்லிக்கொள்ளட்டும்.

மார்ச் 21, சனி

ஒத்திகை. நெட்டை கொடி காட்ட இடது கையைத் தூக்கினார். சரக்கென்று ஒரு சத்தம். தோள் திறந்துகொண்டது.

எனக்கு ஏன் இது தோணல? சாயம் போற வெயில்ல நூல் மட்டும் பத்திரமா இருக்குமா? இத்தனை நாள் மாடியிலயே உக்காந்து நிறத்தையே பாத்துக்கிட்டிருந்தேனே, ஒரு தடவ தையல இழுத்துப் பாத்தேனா? துணியே மக்கிப்போயிருந்தா எல்லாருக்கும் முன்னாடி மேடையில கிழியும். அந்த மனுஷன் கையத் தூக்கினபடி நிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க.

தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன். துணியை ஓரத்தில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். தாங்குகிறது. கம்பளி கெட்டிதான். தைத்தது பருத்தி நூல், அதுதான் இற்றுவிட்டது. எல்லாத் தையலையும் பிரித்துப் புது நூலில் போட வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

விடிந்ததும் அரங்குக்குப் போனால் விளக்குக்காரர் படியில் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு இங்கே வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றேன். "ஊசியில நூல் கோக்கத் தெரியும்" என்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊசியை மூக்கருகே பிடித்து ஒவ்வொன்றாகக் கோத்து நீட்டினார். நூலை முழ நீளத்துக்கு விடுகிறார். சிக்கு விழுகிறது. சொன்னதும் குறைத்துக்கொண்டார்.

அதிகம் பேசவில்லை. சாயங்காலம் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கை முழுக்க உள்ளே போய்விட்டது, கோட்டு கரண்டைக்காலைத் தொட்டது. ஆனால் எதுவும் கிழியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

நடந்துவிட்டது. நன்றாக நடந்துவிட்டது.

பக்கத் திரையோரம் நின்று பார்த்தேன். கடைசிக் காட்சியில் நெட்டை கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். வசனம் கிடையாது. மேலிருந்து மஞ்சள் வெளிச்சம் மெதுவாக இறங்கியது. ஒத்திகையில் இவ்வளவு மெதுவாக இறங்கவில்லை. அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான்.

முடிந்ததும் வயதான ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். கோட்டின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு போட்டிருந்ததுங்க? எந்த ஸ்டேஷன்ல இருந்தாரு?" என்றார்.

பின்னாலிருந்து விளக்குக்காரர், "மொட்டை மாடி ஸ்டேஷன்ங்க. வண்டி எதுவும் நிக்காது" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா போன். நான் பாட்டுக்கு நாடகம் நீட்டிக்கப்பட்டதையும் விளக்குக்காரர் சொன்னதையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாருடி அந்த விளக்கு?"

"கூட வேலை பாக்கறவர்."

"நான் வேலையக் கேக்கல."

பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

மெத்தையை வெயிலில் போட்டோம். கல்யாணத்துக்கு முன்னால், தனியாக இருந்தபோது, ஒருநாளும் செய்ததில்லை. மாடிப்படித் திருப்பத்தில் மெத்தையை வளைக்க ஒருத்தியால் முடியாது. இன்று அவர் மேலே, நான் கீழே. நடுவில் மெத்தை யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் என் மேலேயே சாய்ந்தது. விடுதியிலிருந்து வந்திருக்கும் அவர் மகள் தலைமாட்டுப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று ஆணையிட்டாள். யாருடைய லெஃப்ட் என்று கடைசி வரை தெரியவில்லை.

நல்ல பிள்ளை. என்னிடம் கலகலவென்று பேசுவாள். ஆனால் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "வந்து" என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். நானும் கேட்டதில்லை. இதையெல்லாம் கேட்டு வாங்க முடியுமா?

சாப்பிட்டதும் அவர் வெறும் கட்டில் பலகையில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து குரல்.

"சித்தி, மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்க."

கை சோப்பு நுரையோடு ஓடினேன். அவரை எழுப்பவில்லை. இரண்டு பேருமே இறக்கிவிட்டோம். மெத்தை நனையவில்லை.