கூரைக்குக் கீழே ஒரு கொம்பியூட்டர்

என் அன்பு மச்சான் யோகனுக்கு,

சுனாமியன்று கடல் உன்னைக் கொண்டுபோய் ஐந்து வருசமாகிறது. சண்டையும் முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து செங்கலடியில் இருக்கும் என் கொம்பியூட்டர் கடைக்குச் சாமான் இப்போது ஒரே நாளில் வருகிறது. வழியில் மறித்து, இறக்கிப் பிரித்துக் காட்டச் சொல்வதும் குறைந்துவிட்டது. ஆனால் நீ இதையா கேட்பாய்? உன் மகள் என்ன செய்கிறாள் என்றுதான் கேட்பாய்.

கார் ஓட்டுகிறாள், மச்சான். கொம்பியூட்டரில். பரீட்சை நன்றாகச் செய்தாள் என்று நானே பாகம் பாகமாகத் தெரிந்தெடுத்துப் பூட்டிக் கொடுத்தேன். நல்ல கிராபிக்ஸ் கார்டும் போட்டேன். இந்தப் பக்கத்தில் இதற்கு நிகரான மெஷின் இல்லையென்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு கிழமை போகவில்லை. கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கார் விக்கி விக்கி ஓடுகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடையில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்குப் போனால் மறுபடி அதே விக்கல். மெமரியை மாற்றினேன். கார்டை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கடைசியில், அவளுடைய கேம் சீடி கள்ளக் கொப்பி, பிழை அதில்தான் என்று பிள்ளையை ஏசியும் விட்டேன்.

“உங்கட கடையில மட்டும் அது நல்ல பிள்ளைக்கு நடிக்குது மாமா” என்றாள். அப்படியே உன் வாய்.

அடுத்த நாள் மத்தியானம், கடலடியை விட்டு வந்து அவர்கள் இப்போதிருக்கும் செங்கலடி வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மேசையில் திரை மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு நீண்ட வயர் சுவரேறிப் போனது. கூரை மரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, தகரத்தோடு ஒட்டினாற்போல் பெட்டியை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிப் பொலித்தீன். அதற்கு மேல் கயிற்றுக் கட்டு. பக்கத்தில் அதேபோல் கட்டிய இன்னொரு பொட்டலம்: காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், மிஞ்சிய உன் ஒரே படம்.

கதிரையில் ஏறிக் கை வைத்தேன், சுட்டது. மூச்சுவிட முடியாத மெஷின் எரிந்து போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கிருந்த நோய் அவ்வளவுதான். அந்த நாளுக்குப் பிறகு என் தங்கச்சி பெறுமதியான எதையும் நிலத்தோடு வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டிக்குள்ளேயே பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் கிட்ட வந்து மெல்லச் சொன்னாள்: “அம்மாட்ட இறக்கச் சொல்லாதீங்க மாமா. விக்கி ஓடினாலும் பரவாயில்ல.”

ஒவ்வொரு தரமும் பொலித்தீனை அவிழ்த்துவிட்டுத்தான் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நான் ஏசியபோதும் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குள் தங்கச்சி குசினியிலிருந்து வந்துவிட்டாள். செங்கலடி வரைக்கும் கடல் வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்றைக்குக் கால் நனையாமல் இருந்தவன் நான். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? வியாபாரியாகச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். இப்படியே விட்டால் வெந்து போகும், அதற்குக் காற்று வேண்டும் என்றேன்.

பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சுவரடிக்குப் போய், குதிகாலை உயர்த்தி, கையை எட்டும் மட்டும் நீட்டிச் சுவரில் வைத்தாள்.

“அண்டைக்கு அங்க தண்ணி இவ்வளவுக்கு வந்தது அண்ணா. இதுக்கு மேல எங்கெண்டாலும் வைங்க.”

அந்த நாளைப் பற்றி ஐந்து வருசத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் கை இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அதற்கு ஒரு சாண் மேலே, ஜன்னல் காற்றுப் படும் பக்கமாக இரும்புச் சட்டம் அடித்துத் தட்டொன்று பூட்டினேன். பொலித்தீனை அவளே அவிழ்த்தாள். பெட்டிக்கு இன்னொரு காற்றாடியும் போட்டேன்.

இப்போது கார் பறக்கிறது. பின்னால் இருந்து பார்க்கும் தங்கச்சி, “மெல்லப் போ மனே” என்று மகளைச் செல்லமாக அதட்டுகிறாள். உனக்குக் கேட்கிறதா?

அந்தத் தட்டைக் கீழே இறக்கச் சொல்லி என் வாயால் ஒருநாளும் சொல்ல மாட்டேன், மச்சான். அவளாக ஒருநாள் கேட்டால், கடையைப் பூட்டிவிட்டு அந்த நிமிசமே போய் இறக்கிக் கொடுப்பேன்.

உன் மனைவியின் அண்ணன், உன் மச்சான்,
தவம்