தம்பியின் தலைக்காயமும் என் மூக்கும்

லிங்கநகர்,
திருகோணமலை.
19.01.2007

அன்பு மகள் சுகந்தினிக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க அவரையே கேட்டபடி இருக்கிறேன். முதலில் நீ பயந்துகொண்டிருக்கும் விசயம், தம்பிக்கு ஆபத்து நீங்கிவிட்டது, நேற்று இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டவன். டெலிபோனில் எல்லாம் சொல்ல ஏலாது, அம்மா பக்கத்தில் நின்று அழுவாள், அதுதான் எழுதுகிறேன். சந்தையடியில் குண்டு வெடித்து அவன் தலையில் தையல் போட்டது உனக்குத் தெரியும். பிறகு அது சீழ் பிடித்து, எந்த ஊசிக்கும் அடங்காமல் காய்ச்சல் கொதித்தபோது நான் ஆடிப்போனேன். ஆசுபத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஊர் ஸைனுலாப்தீன், சலரோகத்தால், அதுதான் சர்க்கரை வியாதியால், காலில் புண், அவருக்கும் மருந்துக்கு அடங்காத அதே கிருமி என்றார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! இந்தாளிடமிருந்துதான் என் பிள்ளைக்குத் தொற்றியது, கட்டிலை மாற்றுங்கள் என்று வாட்டே அதிரச் சத்தம் போட்டனான். பாவம் மனிசன், காலைப் போர்வையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என்னோடு சண்டை பிடிக்கவில்லை. இரண்டு பேரின் சீழையும் எடுத்தா, தம்பியோடேயே நிற்பதால் என் மூக்குக்குள்ளும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினா. பார்வைக்கு எல்லாம் ஒரே கிருமிதானாம், உள்ளே இருக்கும் மரபணுவை வெட்டி மின்சாரத்தில் ஓடவிட்டால் கோடு கோடாக விழுமாம், கோடுகள் ஒத்துப்போனால் ஒரே வம்சமாம். வந்த படத்தை எனக்கும் காட்டினா. ஸைனுலாப்தீனின் கோடுகள் வேறு. தம்பியுடையதும் இன்னொன்றும் அச்சொட்டாக ஒன்று. மற்றது ஆருடையது என்று கேட்டேன். உங்கட மூக்கில இருந்ததுதான் ஐயா என்றா. போன வருசம் எனக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நடந்தபோது ஏறியிருக்கலாமாம், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எந்தப் பக்கத்தால போனது எண்டு கோடு சொல்லாது ஐயா, அவனிட்ட இருந்து உங்களுக்கும் வந்திருக்கலாம் என்றா, என்னைத் தேற்றத்தான். பிள்ளை, ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவன் உச்சியை மோந்து கொஞ்சிவிட்டுத்தானே வந்தனான், காயத்துக்குப் பக்கத்திலேயே! கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதேன்.

ஸைனுலாப்தீனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்ப இனி உங்கட மூக்கைத்தான் வேற வாட்டுக்கு மாத்தோணும் என்றார். அம்மா இப்போது அவருக்கும் சலரோகத்துக்கு நல்லதென்று குரக்கன் மாப் பிட்டு அவித்துத் தருகிறாள். நான் விலகி நின்ற பிறகு தம்பிக்குப் புது மருந்தும் பிடித்துவிட்டது. நான் மூக்குக்குக் களிம்பு பூசுகிறேன், திரும்பச் சோதித்துச் சுத்தம் என்று வரும்வரை அவனைக் கொஞ்சுவதற்குத் தடை. எல்லாரும் பாக்கினம் அப்பா, வெக்கமாக் கிடக்கு என்று என்னைத் தள்ளிவிடுகிறவன், நேற்று நான் வெளிக்கிட்டதும் உச்சியைக் காட்டித் தலையைக் குனிந்தபடியே இருந்தான். நான் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மருமகனையும் கேட்டதாகச் சொல்லு, தம்பிக்கு மறக்காமல் நாலு வரி எழுது. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது. கடிதத்தால் இந்தக் கிருமி அவ்வளவு தூரம் வராதாம், டொக்டரிடம் கேட்டுவிட்டேன். அதனால் அவனுக்குக் குடுக்க ஏலாமல் போனதையும் சேர்த்து உனக்கே அனுப்புகிறேன், தலையைக் குனி பிள்ளை.

உன் அப்பா,
சி. அருளம்பலம்