வியாழக்கிழமைத் தரை

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள அஞ்சு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று வாட்ஸப்பில் போட்ட படத்தில் நலமாகத்தான் தெரிகிறாய். ஆனால் நீ சான் ரமோனுக்குக் குடிபோன அன்று நாம் போட்ட ஒப்பந்தம் என்ன? படம் போனில், மனசில் இருப்பது தாளில். பதின்மூன்று வருஷமாகக் காப்பாற்றி வருகிறோம். உன் கடைசிக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இது புகார்தான், சந்தேகம் வேண்டாம்.

பசுபதி ரிட்டயர் ஆகி மூன்று மாதம். மருந்துக் கம்பெனியில் இருபது பேரை மேய்த்தவர் இப்போது என் சமையலறையை மேய்க்கிறார். போன வாரம் மசாலா டப்பாக்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டி, அகர வரிசையில் அடுக்கிவிட்டார். ஆங்கிலப் பெயர் 'ஏ'-யில் ஆரம்பிக்கிறது என்று பெருங்காயம் முதல் தட்டுக்குப் போய்விட்டது. வீட்டை விட்டுக் கிளம்ப எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான வார்ட்லியில், ஊர் வரலாற்றுச் சங்கத்தில் வாலண்டியராகச் சேர்ந்துவிட்டேன்.

வார்ட்லி ரயில் பாலத்தை ஒட்டி மூடிக் கிடக்கிற கார்ப்பெட் கிடங்கு ஞாபகம் இருக்கிறதா? அது கிடங்காகக் கட்டியதே இல்லை, அஞ்சு. 1923-இல் திறந்த ஸ்கேட்டிங் ஹால், சக்கர ஷூ மாட்டிக்கொண்டு சுற்றுகிற இடம். ஆல்பியன் ரிங்க் என்று பெயர். பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபில்மில் உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். சனிக்கிழமை குடும்பங்கள், புதன்கிழமை கேபிள் ஃபாக்டரி ஆட்கள். மேடையில் ஆர்கன் வாசிப்பார்கள். தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். சூயிங் கம்முக்குத் தடை. குத்துச்சண்டை நடக்கிற அன்றைக்கு ஸ்கேட்டிங்கை நிறுத்தி ரேடியோவை ஒலிபெருக்கியில் வைப்பார்களாம். ஃபாக்டரி மூடிய வருஷம் டிக்கெட்டுக்குப் பதில் ஒரு சூப் டப்பா கொடுத்தால் போதும். அது வேலையில்லாதவர்கள் வீட்டுக்குப் போகும்.

என்னைப் பிடித்துக்கொண்டது வியாழக்கிழமை. அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு வாரத்தில் அந்த ஒரு அரை நாள்தான் லீவு. அதனால் வியாழன் மாலை ஹால் அவர்களுக்கு. ஹங்கேரி, போலந்து, அயர்லாந்திலிருந்து வந்த பெண்கள். கறுப்பினப் பெண்களுக்கு மாதத்தில் ஒரே ஒரு வியாழன், அதுவும் தனியாக. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன். 1929-இல் வியாழன் நேரத்தைக் குறைக்கப் பார்த்தபோது ஈலோனா என்கிற பெண் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள்: "வாரம் முழுவதும் நாங்கள் அவர்கள் தரையைத் துடைக்கிறோம். இந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் தரை." நூலகத்தில் உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தேன்.

இப்போது கலிஃபோர்னியாவிலிருந்து ஏதோ ஒரு எல்.எல்.சி., சின்னத் தனியார் கம்பெனி, அந்த இடத்தை வாங்கி, இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டப் போகிறதாம். ப்ளூ ஓக் ஹோல்டிங்ஸ் என்று பெயர். இடிக்க அனுமதி கொடுப்பதா என்று முடிவு செய்ய ஏப்ரலில் ஊர் பிளானிங் போர்டு கூட்டம். நான் விடப் போவதில்லை. எனக்கு வாழ்த்துச் சொல்லி எழுது.

அன்புடன்,
நாகு

*

சான் ரமோன்
பிப்ரவரி 16, 2025

அன்புள்ள நாகு,

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், பெருங்காயம் வரைக்கும், ஈலோனா வரைக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

ப்ளூ ஓக் நாங்கள்தான்.

தீபக் ஏதோ ஒரு பழைய கிடங்கு என்று சொன்னார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. போன வருஷம் அவரை லே ஆஃப் செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதில் யார் கூப்பிடுகிறார்கள்? ஆறு மாதம் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்த பிறகுதான் மறுபடி மனிதராக நடமாடுகிறார். எங்களிடம் இருந்த அத்தனையும் அதில் இருக்கிறது. சுஹாஸுக்கு இன்னும் இரண்டு வருஷம் காலேஜ் பாக்கி.

பிஸ்கட்டவேயில் நாம் ஹெச்-ஃபோர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் கிடந்த நாட்களை மறந்துவிட்டாயா? நடைபாதை இல்லாத ரோட்டில் ஒரே துணி வண்டியை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு லாண்ட்ரிக்குப் போவோமே. உனக்கு உடம்புக்கு முடியாமல், அந்தக் குழந்தை தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தது? சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன், போ.

இந்த ஒரு கட்டடத்தை விட்டுவிடு, நாகு. அமெரிக்காவில் பழைய ஹால் இது ஒன்றுதானா?

உன்
அஞ்சு

*

பிஸ்கட்டவே
மார்ச் 2, 2025

அன்புள்ள அஞ்சு,

உன் கடிதத்தைப் பசுபதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்ன செய்யப் போற?" என்றார். "தெரியல," என்றேன். ஒரு வாரம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் நீ என் தலையைப் பின்னி விட்டாய். நர்ஸ் வெளியே போகச் சொன்னபோது, "நான் இவளோட சிஸ்டர்," என்று கூசாமல் பொய் சொன்னாய். நான் எதையும் மறக்கவில்லை. அதனால்தான் உன் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்ய மாட்டேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 8-ஆம் தேதி போர்டு கூட்டத்தில் நான் மைக் முன் நின்று பேசுவேன்.

ஆனால் அதற்கு முன்னால் இதைப் பார். எங்கள் சங்கத்தில் ரிட்டயர் ஆன ஆர்க்கிடெக்ட் ஒருவர் இருக்கிறார், ராஸ்முசன் என்று. அவரிடம் உட்கார்ந்து கெஞ்சி ஒரு டிராயிங் போட்டு வாங்கியிருக்கிறேன். ஹாலுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பார்க்கிங் லாட் காலியாகக் கிடக்கிறது. அபார்ட்மென்ட் அங்கே எழும்பலாம். எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஹால் அப்படியே நிற்கும். பழைய கட்டடத்தைக் காப்பாற்றினால் வரிச்சலுகைகூட உண்டாம். தீபக்கிடம் காட்டு. அவர் கணக்குத் தெரிந்தவர், பார்த்தால் புரிந்துகொள்வார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் அதே மைக்கில் அவரைப் பாராட்டிப் பேசிவிட்டு வருவேன்.

டிராயிங்கை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஜாக்கிரதை.

அன்புடன்,
நாகு

*

சான் ரமோன்
மார்ச் 20, 2025

நாகு,

டிராயிங்கை அவரிடம் காட்டினேன். பார்க்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டார்.

இதற்கு மேல் என்னால் முடியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் உன் கட்டடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் தேதி நீ எழுந்து பேசினால், என் வீட்டில் நான் எந்த முகத்தோடு உன் பெயரைச் சொல்வது? இருபத்து நாலு வருஷப் பழக்கத்துக்காகக் கேட்கிறேன், போகாதே. போவாயானால் அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

அஞ்சனா

*

பிஸ்கட்டவே
ஏப்ரல் 10, 2025

அன்புள்ள அஞ்சு,

எழுத வேண்டாம் என்றாய். நடந்ததை வேறு யார் வாயிலாகவும் நீ கேட்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

போனேன். பேசினேன். ஆளுக்கு மூன்று நிமிஷம். கூட்டத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். ஆல்பியன் ரிங்க்கில் யார் யார் ஆடினார்கள், எந்தக் கிழமையில், யாருக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது, யாருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் சொன்னேன். ஈலோனாவின் கடிதத்தை வாசித்தேன். இந்த ஊரில் மேயர்களின் வீடுகளுக்கெல்லாம் நினைவுப் பலகை வைத்திருக்கிறீர்கள், அந்த வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள் சிரித்த இடம் இது ஒன்றுதான் மிச்சம் என்றேன். வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஹாலுக்குப் பின்னால் இருக்கிற லாட்டில் கட்டுங்கள் என்றேன். மணி அடித்துவிட்டது. உட்கார்ந்தேன்.

தீபக் வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. முன் வரிசையில் தன் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

"நாகு, நீங்க எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி. இது நல்லாவா இருக்கு?" என்றார்.

"நல்லா இல்ல தீபக். அதனாலதான் முன்னாடியே லெட்டர் போட்டேன்."

"ஊர்ல ஜனங்களுக்கு வீடு வேணாமா?"

"வேணும். லாட்ல கட்டுங்கன்னுதானே டிராயிங் அனுப்பினேன்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த டிராயிங்?"

"ஒண்ணுமில்ல, விடுங்க," என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது இது. ப்ளூ ஓக்கின் உறுப்பினர்கள் யார் என்று போர்டின் வக்கீல் கேட்டார். காகிதத்தைப் பார்த்து, "தீபக், அஞ்சனா, ஆளுக்குப் பாதி," என்று படித்தார்கள். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது, இடிப்பதற்கு இரண்டு பேரும் போட்டாக வேண்டும் என்று சொல்லி, கூட்டத்தை ஜூன் 10-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நீ கையெழுத்துப் போட்டால் நான் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன். உன் வீடு, உன் பிள்ளை, உன் பயம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஜூனிலும் நான் அதே மைக் முன் நிற்பேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
நாகு

*

சான் ரமோன்
மே 18, 2025

நாகு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

டிராயிங்கை நான் காட்டவேயில்லை. ஸ்வெட்டர் அலமாரியில் அட்டையோடு வைத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். அவர் மறுபடி அந்த மேஜையில் சும்மா உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். என் மேல் பழியைப் போட்டுக்கொள்வதைவிட அவர் மேல் போடுவது சுலபமாக இருந்தது. நீ அவரிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டாய். அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டம் முடிந்து வந்த மறுநாள் தீபக் என் முன்னால் காகிதங்களை வைத்தார். எங்கே போட வேண்டும் என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "சும்மா போடு அஞ்சு, ஃபார்மாலிட்டி," என்றார். எத்தனை வருஷமாக அந்த மஞ்சள் சீட்டுகளுக்கு நேரே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் தெரியுமா? ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இந்த முறை, "படிச்சுட்டுப் போடறேன்," என்றேன். ஏதோ புரியாத மொழியில் பேசியது மாதிரி என்னைப் பார்த்தார்.

மூன்று நாள் படித்தேன். கம்பெனியில் பாதி என்னுடையது, நாகு. கட்டடத்தில் பாதி என்னுடையது. எனக்குத் தெரியவே தெரியாது.

பிறகு, பார்க்காத இடத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன். ஆமாம், வந்தேன். ஏப்ரல் 30, புதன்கிழமை. நூவார்க் ஏர்போர்ட்டில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேரே வார்ட்லிக்கு. உன் வீட்டுக்கு இருபது நிமிஷம். வரவில்லை. கோபம் அப்படியே இருந்தது.

கையோடு கொண்டுபோன சாவியால் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். நீ எழுதியதை வைத்து அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழகாக இல்லை. கூரை ஒழுகுகிறது, புறா எச்சம், ஈரக் கார்ப்பெட் நாற்றம். ஒரு மூலையில் கார்ப்பெட் சுருள்களை உருட்டித் தள்ளினேன். மூச்சு வாங்கியது. அடியில் மரத் தரை இருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண்களைப் பற்றி நான் நினைக்கவில்லை. உனக்காக அப்படி எழுத மாட்டேன். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இதில் பாதி என்னுடையது, இதை என்ன செய்வது என்று என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து காலைச் சாப்பாட்டு மேஜையில் டிராயிங்கை விரித்தேன். எப்போது வந்தது, ஏன் மறைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். இடிப்பதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன், இந்த டிராயிங் என்றால் இன்றைக்கே போடுகிறேன் என்றேன். கத்தினார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க," என்றார். பதினொரு நாள் பேசவில்லை. நானும் இறங்கி வரவில்லை. எனக்கே ஆச்சரியம். பன்னிரண்டாம் நாள் நான் காபி வைக்கிறேன், பின்னாலிருந்து கேட்கிறார், "அந்த ராஸ்முசன் நம்பர் என்ன?" பிறகு மெதுவாக, "முன்னாடியே காட்டியிருந்தா நான் பார்த்திருப்பேனே அஞ்சு," என்றார். பார்த்திருப்பாரோ மாட்டாரோ, அது இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

இப்போது மேஜையில் டிராயிங்கைப் பரப்பிக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பத்தெட்டு வீடு வர வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டுதான் வரும் என்று முணுமுணுக்கிறார். முடிப்பார். சுஹாஸிடம் நானே பேசினேன், அடுத்த வருஷம் அவன் பகுதிநேர வேலை பார்ப்பான்.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நான் கெஞ்சிக் கேட்டும் நீ போய் நின்றாய். நீ செய்தது சரி. ஆனாலும் வலிக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்று இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன். உன்னிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீயும் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேள். தோன்றவில்லை என்றால் விடு.

ஜூன் 10 அன்று நேரில் வந்து அந்த டிராயிங்குக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். தீபக்கும் வருகிறார். ஏர்போர்ட்டுக்கு வராதே. ஹோட்டலில்தான் தங்குவோம், கட்டாயப்படுத்தாதே. நீ பேச வேண்டியதைப் பேசு, நான் போட வேண்டியதைப் போடுகிறேன்.

கூட்டம் முடிய ராத்திரி எட்டரை மணி ஆகிவிடும். எனக்குப் பசிக்கும். தெரிந்த இடம் எதுவும் அங்கே எனக்கு இப்போது கிடையாது. நீதான் கூட்டிப் போக வேண்டும்.

அஞ்சு