கழலாத சப்பாத்து

எசன்
18.02.2006

அன்புள்ள தம்பி கிருஷாந்துக்கு,

அண்ணி சிவகௌரி எழுதுவது. நானும் யதுசாவும் சுகம். உமது அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காயம் ஆறுகிறது, ஓரளவு சாப்பிடுகிறார். பிராங்பேர்ட்டில் உமக்கு இன்னும் வெளிவேலைதானா? கழுத்தை மூடிக்கொண்டு போம்.

அவர் விழுந்த விதத்தை நான் தொலைபேசியில் முழுதாகச் சொல்லவில்லை. பனிச்சறுக்குப் பலகையை மலையடிக் கடையில் வாடகைக்கு எடுத்தார். சப்பாத்து, கூட வேலை செய்பவர் இரவல் கொடுத்தது. அது மலையேறிச் சறுக்குகிறவர்களுடையது, அடி வளைந்த றப்பர். பலகையில் சப்பாத்தைப் பூட்டும் பிடியோ தட்டையான அடிக்குச் செய்தது. ஆனாலும் டக்கென்று பூட்டியதாம். விழும்போது தானாகக் கழல வேண்டிய பிடி கழலவில்லை. பலகை திரும்பியது, காலும் கூடத் திரும்பியது. சப்பாத்துக்குள்ளிருந்து காலை மட்டும் உருவி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சப்பாத்து பலகையிலேயே நின்று, அப்படியே கடைக்குத் திரும்பிப் போனது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகும், "சப்பாத்து இறுக்குது, கழட்டிவிடும்" என்றுதான் கேட்கிறார். நரம்புக்குக் கால் போனது தெரியாது, இது வழமை என்றார் டாக்டர். நானும் நம்பினேன்.

போன கிழமை, நட்டஈட்டு வழக்கு விஷயமாக அந்தக் கடைக்குப் போனேன். பிடி எப்படிச் சிக்கியது என்று காட்ட, கடைக்காரர் திருப்புளியால் நெம்பிச் சப்பாத்தைக் கழற்றினார். உடனே யதுசாவின் அழைப்பு. "அம்மா, அப்பா சிரிக்கிறார். சப்பாத்து கழண்டிட்டுதாம்" என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதற்குள் அந்த மனிதர் சப்பாத்தைத் திரும்ப வைத்து அழுத்திவிட்டார். டக். போனுக்குள் உமது அண்ணை கத்திய சத்தம் கடைக்காரருக்கும் கேட்டது. பிறகு அவர் எவ்வளவு நெம்பியும் அது வரவில்லை. முகம் வெளுத்து, என்னைப் பாராமலே கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பலகை சப்பாத்தோடு உமது ஊரில், வழக்குக்குச் சோதனை செய்பவரிடம் இருக்கிறது. வருகிற புதன்கிழமை இயந்திரத்தில் மாட்டி, பிடி கழலும்வரை, அல்லது உடையும்வரை முறுக்கிப் பார்ப்பார்களாம். வழக்கே வேண்டாம் என்று சொன்னேன். குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். அண்ணையை விட்டு என்னால் வர ஏலாது. நானும் அண்ணையும் கையெழுத்திட்ட தாளும் விலாசமும் இத்துடன் இருக்கின்றன.

தம்பி, புதனுக்கு முதல் போம். காரணம் கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே ஒருவரையும் நெம்ப விடாதேயும். ரயிலில் மேல்தட்டில் போடாமல், மடியில் வைத்து, குலுங்காமல் கொண்டுவாரும். ஓரிடத்திலும் இடிபடக் கூடாது. முருகன் உமது கைக்குத் துணையிருப்பான்.

உமது வரவை எதிர்பார்க்கும்,
அண்ணி
சிவகௌரி